நண்பனிடம் சொல்வது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

அண்மையில் வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைத் தொட்டவையாக இருந்தன. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகத் தெரு, பள்ளி போன்ற விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் ராயபுரத்தில் வசிக்கிறேன். பிளஸ் டூ படிக்கிறேன், வயது 17. எட்டாம் வகுப்பு படிக்கும்போதே எனக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு இல்லை, ஆண்கள்மீதுதான் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. தானாகப் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. எனக்கு உயிர் நண்பர்கள் மூன்று பேர். சிறு வயதிலிருந்து ஒரே தெரு, ஒரே பள்ளி. மாலையில் கேரம் கிளப்பில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டுக் கடலோரக் கற்களின்மேல் உட்கார்ந்து பேசுவோம். யாருக்கு எந்தப் பெண்ணைப் பிடிக்கும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் டியூஷனில் படிக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிச் சமாளித்துவருகிறேன். இவ்வளவு நெருங்கியவர்களிடம் மறைப்பது துரோகம் செய்வது போல இருக்கிறது. சென்ற மாதம் கிளப் வாசலில் ஒருவர் நடந்துபோனபோது, ‘ஒம்போது போவுது பாரு’ என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் நண்பர்களில் இருவரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் தலையைத் தூக்காமல், பலகையில் பவுடரைத் தட்டிவிட்டு, ‘உன் டர்ன்டா, அடி’ என்று ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினான். மூன்று பேரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு சொல்லிவிடலாமா? அல்லது வாட்ஸ்அப்பில் எழுதிவிடலாமா? இன்னொன்றையும் கேட்கவேண்டும். அந்தச் சிரிக்காத நண்பன்மீது எனக்கு நட்பைத் தாண்டிய உணர்வு இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா? அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிறார், கோபக்காரர். அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

— ராயபுரம் வாசகர்

பதில்: தம்பி, துரோகம் என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வைத்துவிடு. உன் நண்பர்கள் மூவரும் தங்கள் வீட்டுக் கடன், அப்பாவின் குடி, அக்காவின் நின்றுபோன கல்யாணம் என்று எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டார்களா? நிச்சயமாக இல்லை. அதற்காக அவர்களை நீ துரோகிகள் என்று நினைக்கவில்லை. நட்பு என்பது முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டிய இடம் அன்று. நீ சொல்லலாம்; சொல்லாமலும் இருக்கலாம்; தேர்வு முடியும்வரை தள்ளியும் வைக்கலாம். சொன்னால் உனக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது ஒன்றுதான் சொல்வதற்கான நல்ல காரணம். அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற எண்ணத்தில் சொன்னால், சொல்லி முடித்த கையோடு அவர்களிடமிருந்து தீர்ப்பை எதிர்பார்த்து நிற்பாய். அந்த இடத்தில் நீ நிற்க வேண்டியதில்லை.

உன் கடிதத்தில் நீ நேரடியாகக் கேட்காவிட்டாலும் வரிகளுக்கு நடுவே தெரிகிற ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். இது நோயன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இது குற்றமும் அன்று. வயதுவந்த இருவர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். போகவில்லையே என்று நீ வருந்தும் அந்த ஈர்ப்பு, போக வேண்டிய ஒன்றே அன்று.

இனி யாரிடம் சொல்வது என்பதற்கு வருவோம். இதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். என்மீது யாருக்கு அதிக அன்பு என்று பார்க்கிறார்கள். யாரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் என்று பார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றல்ல. உன்மீது உயிரையே வைத்திருப்பவன், உனக்காகக் கவலைப்பட்டே தன் அம்மாவிடம் சொல்லிவிடுவான். அந்த அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும்போது உன் அம்மாவிடம் கேட்பார். உன் பக்கத்து வீடுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஒரு வீட்டுச் சமையலறைச் சன்னல் அடுத்த வீட்டுப் படிக்கட்டில் திறக்கும். போனில் பேசுவதற்கு மொட்டை மாடிக்குப் போனால் அங்கே துணி காயப்போடுபவர் இருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சொல் வாயை விட்டு வெளியே வந்தால், அது எங்கே போய் நிற்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே நண்பர்கள் மூவரும் இதுவரை மற்றவர்களின் இரகசியங்களை என்ன செய்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார். ‘யார்கிட்டயும் சொல்லாத மச்சான், அவன் என்கிட்ட மட்டும்தான் சொன்னான்’ என்று ஆரம்பித்து இன்னொருவனின் கதையை உன்னிடம் சொல்பவன், உன் கதையையும் அதே முன்னுரையோடுதான் ஆரம்பிப்பான்.

அந்த வகையில் கேரம் பலகையின் முன் நடந்ததை நீ கவனித்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கூட்டம் முழுவதும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். அவன் சண்டை போடவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஆட்டத்தை நகர்த்தி அந்தப் பேச்சைச் சாகவிட்டான். அவன் எல்லாவற்றையும் புரிந்துகொள்பவன் என்பதற்கு இது சான்றாகிவிடாது. ஒருவேளை அவனுக்கு அப்போது ஆட்டம்தான் முக்கியமாக இருந்திருக்கலாம். ஆனாலும் முதலில் ஒருவனிடம் சொல்வதென்றால் அந்த ஒருவனாக இவன் இருக்கலாம் என்று எண்ணுவதற்கு இது போதும். சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை சோதித்துப் பார். இப்படிப்பட்ட செய்தியோ படக் காட்சியோ வரும்போது ‘இதப் பத்தி நீ என்னடா நினைக்கிற?’ என்று பொதுவாகக் கேட்டுவைத்து, அவன் சொல்வதைவிடச் சொல்லும் தொனியைக் கவனி. சிரித்த இருவரையும் அதற்காகவே தள்ளிவைக்க வேண்டாம். கூட்டத்தில் சிரிக்கிறவன் தனியாக இருக்கும்போது வேறொருவனாக இருப்பதுண்டு. ஆனால் அவர்கள் இரண்டாவது, மூன்றாவது முறைக்கு உரியவர்கள். முதல் முறைக்கு அல்லர்.

மூவரையும் ஒன்றாக வைத்துச் சொல்வது வேண்டவே வேண்டாம். மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவனும் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மற்ற இருவரின் முகத்தைப் பார்ப்பான்; யாராவது ஒருவன் சங்கடத்தில் கிண்டலடித்தால் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பும் வேண்டாம். எழுதிவிட்டால் எளிது என்று உனக்குத் தோன்றுவது உண்மைதான். ஆனால் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது அதைவிட எளிது. உங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒரே போன்தான் அண்ணன், தங்கை, அம்மா என்று எல்லோர் கையிலும் சுற்றுகிறது. நீ நண்பனுக்கு அனுப்பியதை அவன் தங்கை படிப்பாள். நீயே அழித்தாலும் அது அவர்கள் பார்த்த பிறகு அழித்ததாகத்தான் இருக்கும்.

நேரில், ஒருவனிடம், நடந்துகொண்டே சொல். எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் இருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. பக்கத்தில் நடக்கும்போது அந்தத் தொல்லை இல்லை. கிளப் வாசலிலோ டீக்கடையிலோ வேண்டாம். காசிமேட்டுக் கற்களில் மாலை நேரத்தில் தெரிந்த முகங்கள் வந்துகொண்டே இருக்கும். அதைவிட அங்கிருந்து வீட்டுக்கு நடந்து திரும்பும் வழி நல்லது. நீளமான முன்னுரை எதுவும் வேண்டாம். ‘உன்கிட்ட தப்பா ஒண்ணு சொல்லப் போறேன், கோச்சிக்காத’ என்று மட்டும் தொடங்கிவிடாதே. அது தப்பு என்று நீயே அவனுக்கு எடுத்துக்கொடுத்ததாக ஆகிவிடும். உங்கள் பேச்சிலேயே, ‘ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்டா. எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி ஃபீலிங் வர்றதில்ல, பசங்க மேலதான் வருது. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், உன்னோட இருக்கட்டும்’ என்ற அளவுக்குச் சொன்னால் போதும். கடைசி வாக்கியத்தைத் தவறாமல் சொல். யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை நீ சொல்லாவிட்டால், அதை அவனே தீர்மானித்துக்கொள்வான். பிறகு அவன் என்ன சொல்கிறான் என்பதற்காகப் படபடக்காதே. முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு 17 வயதுப் பையன் சொல்வதை வைத்து நட்பை எடைபோடக் கூடாது. ‘கலாய்க்கிறியாடா?’ என்று கேட்கலாம்; சும்மாவே நடந்து வரலாம்; பிரியாணி சாப்பிடலாமா என்றுகூடக் கேட்கலாம். அடுத்த வாரம் அவன் உன்னை வழக்கம்போல வந்து கூப்பிடுகிறானா என்பதைப் பார்.

அவன்மீது உனக்கிருக்கும் உணர்வைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்று கேட்டாய். என் அபிப்பிராயம், வேண்டாம் என்பதே. நான் யார் என்று சொல்வது ஒரு செய்தி. உன்னை விரும்புகிறேன் என்று சொல்வது ஒரு கேள்வி. செய்தியைக் கேட்டவன் கேட்டுக்கொண்டால் போதும்; கேள்வியை எதிர்கொள்பவனோ பதில் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் இறக்கினால், அவன் முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று யோசிக்கத் தொடங்குவான்; சிறு வயதிலிருந்து நீங்கள் பழகியதையெல்லாம் பின்னோக்கிப் போய்ச் சந்தேகத்தோடு திருப்பிப் பார்ப்பான். அவனுக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு இருப்பது உனக்குத் தெரிந்தால், அந்தக் கேள்விக்கான பதிலும் உனக்கே தெரியும். நிறைவேறாத விருப்பத்தோடு ஒரு நண்பனின் அருகில் இருப்பது வலிக்கத்தான் செய்யும். உன் வகுப்பில் பாதிப் பேர் அதே வலியோடுதான் இருக்கிறார்கள். அவர்களால் அதைப் பாட்டாகப் பாடிவிட முடிகிறது, உன்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அவனே நேராக ‘என் மேலயும் அப்படியா?’ என்று கேட்டால், பொய் சொல்லவும் வேண்டாம், மனம் திறந்து கொட்டவும் வேண்டாம். ‘நீ என் ஃபிரெண்டுடா, அது மாறாது’ என்று சொல். அதுவும் உண்மைதானே.

டியூஷன் பெண்ணின் பெயரை இன்றோடு நிறுத்திவிடு. அவளை யாரும் கேட்கவில்லை. உங்கள் பேச்சு அவள் அண்ணன் காதுக்குப் போனால் உனக்கு ஒரு சண்டையோடு முடியும். அவளுக்குப் படிப்போடு முடியலாம். ‘இப்போதைக்குப் பரீட்சைதான், வேற ஒண்ணும் வேணாம்’ என்றால் பிளஸ் டூ படிக்கும் பையனை யாரும் துருவமாட்டார்கள்.

அப்பாவைப் பற்றிய உன் பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு, படிப்பு, தங்கும் இடம் எல்லாமே அவர் கையில் இருக்கும் இந்த வயதில், வீட்டில் சொல்வதற்கு எந்த அவசரமும் இல்லை. நீ ஒரு வேலையில் அமர்ந்த பிறகு சொன்னாலும் தாமதமாகிவிடாது. ஆனால் நண்பனிடம் சொல்வதற்கு முன்பே, எப்படியோ வீட்டுக்குத் தெரிந்து அடி, உதை என்று போனால் அன்றிரவு எந்தச் சித்தி வீட்டுக்கு, எந்த மாமா வீட்டுக்குப் போவாய் என்பதை மனத்தில் வைத்துக்கொள். அடித்தாலோ அடைத்துவைத்தாலோ 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான 1098 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மனம் தாங்காத இரவுகளில், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சட்டம் பற்றி இன்னும் ஒன்று. 2018 தீர்ப்பு வயதுவந்தவர்களைப் பற்றியது. 18 வயது ஆகாதவரோடு பாலுறவு கொள்வது, அவர் சம்மதித்திருந்தாலும், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். உணர்வது குற்றமன்று, சொல்வது குற்றமன்று. அதற்கு மேல் எதுவும் 18க்குப் பிறகு. அதனால்தான் வயதைக் கூட்டிப் போட்டுச் செயலிகளில் முகம் தெரியாதவர்களைத் தேட வேண்டாம் என்கிறேன். அப்படி வரவழைத்து, மிரட்டி, போனையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்ட வழக்குகள் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கின்றன. வெளியே சொல்லமாட்டார்கள் என்ற துணிச்சலில்தான் அதைச் செய்கிறார்கள். உன்னைப் போன்றவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டுமானால் சென்னையின் ஓரினம் குழுவினரின் இணையதளத்தில் தமிழிலேயே நிறைய இருக்கிறது. அதைப் பொது போனில் படிக்காமல், தனியாகக் கிடைக்கும் நேரத்தில் படி.

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் தண்டையார்பேட்டை. பிளஸ் ஒன் படிக்கிறேன். டியூஷன் முடிந்து வரும் வழியில் என் நண்பன் தனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னான். நான் ‘சரிடா’ என்றேன்; வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முன்பு அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு நடப்பேன், சைக்கிளில் டபுள்ஸ் போவோம். இப்போது கை தானாகப் பின்வாங்குகிறது. அவனும் கவனித்துவிட்டான் என்று நினைக்கிறேன். மற்றப் பசங்களுக்குத் தெரிந்தால் என்னையும் சேர்த்துச் சொல்வார்களோ என்றும் பயம். என் அண்ணனிடம் மட்டும் சொல்லி யோசனை கேட்கலாமா?

— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: தம்பி, அண்ணனிடம் சொல்லக் கூடாது. உன் அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி உன்னுடையதன்று, உன்னிடம் கொடுத்துவைக்கப்பட்டது. யோசனை வேண்டுமென்றால் இப்போது எனக்கு எழுதியதுபோல, அவன் பெயரோ ஊரோ தெரியாத ஒருவரிடம் கேள். அவன் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப்போகிறான் என்று தோன்றினால் மட்டும் இந்த விதியை மீறலாம். அப்போதும் ‘அவன் ரொம்ப மனசு ஒடஞ்சிருக்கான்’ என்பதைச் சொன்னால் போதும், காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

‘சரிடா’ என்று சொன்னதில் குறையொன்றுமில்லை. அவன் எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்துச் சொல்லியிருப்பான். நீ ஒத்திகை எதுவும் இல்லாமல் கேட்டாய். வார்த்தை வராதது இயல்பு. இப்போது அதற்கு ஒரு வால் சேர்த்துவிடு: ‘அன்னிக்கு நீ சொன்னப்போ எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்.’ அவன் இன்றுவரை உறங்காமல் இருப்பது இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கை பின்வாங்குவதைப் பற்றி நீயே எழுதியிருப்பதால் அதைத் தட்டிக்கழிக்காமல் பேசலாம். நம் ஊரில் பையன்கள் தோளில் கைபோட்டு நடப்பார்கள், ஒருவன் மடியில் இன்னொருவன் தலைவைத்துப் படுப்பான், கோடையில் மாடியில் ஒரே பாயில் நான்கு பேர் உறங்குவார்கள். யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. உன் நண்பன் சொன்ன பிறகு நீ அதற்கு ஒரு பெயர் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாய். அவனுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்பதற்கு எல்லா ஆண்களையும் பிடிக்கும் என்று பொருளாகாது; உனக்குப் பெண்களைப் பிடிக்கும் என்பதால் உன் தெருவிலுள்ள எல்லாப் பெண்களையுமா விரும்புகிறாய்? கையை வலிந்து கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். அந்த நாடகம் அவனுக்கு உடனே புரிந்துவிடும். சைக்கிளில் ஏறு. அதற்கு யோசனை தேவையில்லை, பின்னால் உட்கார்ந்தால் போதும். மற்றது பழகிய வழியில் வந்துவிடும்.

உன்னையும் சேர்த்துச் சொல்வார்களோ என்ற பயத்தில் ஒரு தவறு செய்துவிடாதே. அப்படிப் பயப்படுகிறவர்கள்தான் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கிண்டலடிப்பார்கள், தாம் வேறு என்று காட்டிக்கொள்வதற்காக. யாராவது கேட்டால் ‘எனக்குத் தெரியாது, அவன்கிட்டயே கேளு’ என்று ஒரே பதிலை எல்லோரிடமும் அலுக்காமல் சொல்.

கேள்வி: அம்மா, நான் திருவொற்றியூர். என் மகனுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று பள்ளியில் படிக்கும்போதே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். ரேஷன் கடை வரிசையில் அவன் நண்பனின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பெற்றவளிடம் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறானே என்று நெஞ்சு எரிகிறது. என் அண்ணன், இதை மாற்றும் டாக்டர் ஒருவர் இருக்கிறார், கூட்டிப்போகலாம் என்கிறார். வடிவுடையம்மனுக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?

— திருவொற்றியூர் வாசகி

பதில்: அம்மா, அவன் ஊருக்கெல்லாம் சொல்லவில்லை, நண்பர்களிடம் சொன்னான். ஊருக்குச் சொன்னவர் ரேஷன் கடையில் நின்றவர். உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய முகவரி அது. உங்களிடம் கடைசியில் சொல்வதற்கு, உங்களை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்பது காரணமன்று. நண்பன் போனால் இன்னொரு நண்பன் கிடைப்பான்; அம்மா போனால் கிடைக்கமாட்டார் என்பதால்தான் பிள்ளைகள் முதலில் நண்பர்களிடம் சொல்லிப் பார்க்கிறார்கள்.

அந்த மருத்துவரிடம் போகாதீர்கள். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர், இல்லாத ஒன்றை விற்கிறார். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், இப்படி மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக, அந்தச் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. இந்த வழக்கில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. இந்த விஷயம் தமக்குப் பழக்கமில்லாதது என்று வெளிப்படையாகச் சொன்ன அந்த நீதிபதி, தீர்ப்புக்கு முன் ஓர் உளவியலாளரிடம் தாமே போய் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீங்களும் போகலாம், மகனை அழைத்துக்கொண்டு அல்ல, உங்களுக்காக. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பெற்றோரும் தனியாகப் பேசலாம்.

அம்மன் கோயிலுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது? வேண்டுதலை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். மகனிடம் இன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்பதில்லை. அவன் சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, ‘எனக்குத் தெரியும்டா, ஒனக்கு எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு’ என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்விடுங்கள். அவன் பின்னாலேயே வருவான் என்று நான் உறுதி கூற முடியாது; சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். அண்ணனுக்கு இதில் வேலை இல்லை என்பதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். 16 வயது, பிளஸ் ஒன். எனக்குப் பெண்களைப் பிடிக்கும் என்று என் நெருங்கிய தோழிக்கு எழுதினேன். ஒரு சண்டையில் அவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டாள். வீட்டுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் படிப்பை நிறுத்தி மாமாவுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை.

— பெரம்பூர் வாசகி

பதில்: பாப்பா, பள்ளிக்குப் போவதை நிறுத்தாதே. நீ வராத நாள்களில்தான் கதை வளரும். வீட்டிலும் ஏன் போகவில்லை என்று துருவுவார்கள். குழுவில் எந்தப் பதிலும் எழுதாதே. மறுப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். எழுதுகிற ஒவ்வொரு வரியும் அடுத்த ஸ்கிரீன்ஷாட். அவர்கள் போட்டதை மட்டும் படமெடுத்து, வீட்டார் பார்க்காத இடத்தில் வைத்துக்கொள். முகத்துக்கு நேரே கேட்பவர்களிடம் ‘அது என் சொந்த விஷயம்’ என்று சொல்; அவர்கள் அதற்கு மேலும் கேட்டால் அதையே திரும்பச் சொல்.

உன் ஆசிரியைகளில், மாணவிகள் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் கொண்டுபோய்ப் பேசாதவர் ஒருவராவது இருப்பார். அது யார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் போய், ‘என் சொந்த மெசேஜைக் குரூப்பில் போட்டுவிட்டார்கள், அதை எடுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்குச் சொல்லாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று கேள். மெசேஜில் என்ன இருந்தது என்பதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். புகார், அனுமதியில்லாமல் போட்டதைப் பற்றியது.

கல்யாணப் பேச்சைக் கண்டு நடுங்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்துவைப்பது குற்றம். நடத்திவைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உறவுக்குள் செய்வதற்கும் விலக்கு இல்லை. தேதி பார்க்கிறார்கள் என்று தெரிந்த அன்றே 1098ஐ அழை. உனக்காக அந்த ஆசிரியையோ வேறு யாரோகூட அழைக்கலாம். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை, உன் வயதைச் சொன்னால் போதும். பிறந்த தேதி உள்ள பள்ளிச் சான்றிதழின் நகல் ஒன்றை உன் பையில் வைத்துக்கொள்.

அந்தத் தோழி மன்னிப்புக் கேட்டு வந்தால் கேட்டுக்கொள். குழுவில் போட்டதை அவளே எடுக்க வேண்டும் என்று சொல். மறுபடி பழையபடி பழகுவதா என்பதை இந்தக் கல்வியாண்டு முடிந்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரை உன் போனின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, மதிய உணவுக்கு வேறொரு பெஞ்சில் போய் உட்கார்.